பல ஊர்களில் அலுவலகமுடைய நிறுவனத்தின் கணிப்பொறி வலையமைப்பு

நிறுவனம் எதுவும் ஒரே நாளில் பல ஊர்களில் அலுவலகம் திறப்பது அரிது. தலைமை அலுவலகம் முதலில் தோன்றும். கிளைகள் ஒவ்வொன்றாகச் சேரும். ஒவ்வொரு கிளையும் தனக்கு இயன்றவாறு கணிப்பொறிகளை இணைத்துக்கொள்ளும். பின்னர் அவற்றையெல்லாம் ஒரே வலையமைப்பாகச் சேர்க்க முற்படும்பொழுதே, முன்கூட்டித் திட்டமிடாமையால் விளையும் இடர்கள் தெரியவருகின்றன.

டெல்லியில் தலைமை அலுவலகமும், மும்பை, கொல்கத்தா, சென்னை, நாகபுரி, குவாஹாத்தி ஆகிய ஊர்களில் கிளைகளும் உடைய ஒரு நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்க. ஒவ்வோர் அலுவலகத்தையும் மற்ற ஒவ்வொன்றுடனும் நேராக இணைப்பதாயின் 15 தடங்கள் வேண்டும். டெல்லியுடன் மட்டும் இணைப்பதாயின் 5 போதும். ஆனால் டெல்லி நிலையம் பழுதுற்றால் சென்னையும் மும்பையும் தமக்குள் தொடர்பிழந்துவிடும். டெல்லி, மும்பை இரண்டையும் மையங்களாக்கி, ஏனைய நான்கு கிளைகளையும் இரண்டுடனும் இணைத்தால் 9 தடங்களாகும். இது செலவுக்கும் உறுதிக்கும் இடைப்பட்ட ஏற்பாடு. மும்பையில் சர்வரின் மறுபடி ஒன்று வைக்கப்படாவிடில் இரண்டாம் மையம் பெயரளவிலேயே நிற்கும்.

இரு நிறுவனங்களிடம் தனித்தனியே இணைப்பு வாங்கியதுகொண்டு மனநிறைவு அடைதல் கூடாது. இரண்டு கண்ணாடி இழைகளும் ஒரே பள்ளத்தில் புதைக்கப்பட்டிருப்பின், சாலை தோண்டும் மண்வாரி இயந்திரம் இரண்டையும் ஒருசேர அறுத்துவிடும். குவாஹாத்தியில் இக்கவலை பெரிது. இந்திய நிலப்பகுதி வழியாக அங்குச் செல்லும் தடங்கள் யாவும் சிலிகுரி அருகே சுமார் 20 கிலோமீட்டர் அகலமே உள்ள இடைநிலத்தைக் கடந்தாக வேண்டும். ஆதலின் ஒப்பந்தத்திற்கு முன்பே இழை செல்லும் வழியின் வரைபடத்தைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

அடுத்தது காலத்தாழ்வு. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். டெல்லியிலிருந்து சென்னைக்கு இருப்புப்பாதை வழியே சுமார் 2,200 கிலோமீட்டர். இழையும் அவ்வழியே செல்வதாகக் கொண்டால், வினா சென்று விடை திரும்ப 22 மில்லி விநாடி ஆகும். இது கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைவுதான். ஆயினும் ஒரு பட்டியலைத் திறக்க 1,000 சிறு வினாக்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும் மென்பொருளாயின், சென்னை எழுத்தர் 22 விநாடி காத்திருக்க நேரும். கூடுதல் கட்டணம் செலுத்தி அதிகத் தகவல் கொள்ளும் இணைப்பைப் பெற்றாலும் இத்தாழ்வு குறையாது. ஆசிரியர்கள் இக்கணக்கை மாணவர்களைக்கொண்டே செய்விக்கலாம்.

இவையெல்லாவற்றினும் முதன்மையானது முகவரி எண். அதுவே பெரிதும் புறக்கணிக்கப்படுவதும் ஆகும். கணிப்பொறியின் முகவரி, 0 முதல் 255 வரையுள்ள நான்கு எண்களைப் புள்ளியிட்டு எழுதுவது. நிறுவனங்களின் உட்பயனுக்கென மூன்று தொகுதிகளை 1996-இல் வெளியான விதிமுறை வரையறுக்கிறது. கடையில் வாங்கும் ரூட்டர்கள் பல, அவற்றுள் 192.168.0 அல்லது 192.168.1 எனத் தொடங்கும் எண்களைப் பதித்தே வருகின்றன. கிளையில் உள்ளோர் அவற்றை மாற்றுவதில்லை. எனவே நாகபுரியின் அச்சுப்பொறியும், கொல்கத்தாவின் சம்பளக் கணக்குக் கணிப்பொறியும் 192.168.1.20 என்னும் ஒரே முகவரியைத் தாங்கி நிற்கக்கூடும். தனித்திருக்கும்வரை தீங்கில்லை. இணைத்தபின், டெல்லியிலிருந்து அம்முகவரிக்குச் செல்லும் செய்தி எவ்வூருக்குரியது என்று ரூட்டரால் தெளிய இயலாது. எண்களை இடைவழியில் மாற்றித்தரும் ஏற்பாடு உண்டெனினும், அது நோய்க்கு மருந்தன்று, ஊன்றுகோலே.

மூன்றனுள் பெரியதான 10 எனத் தொடங்கும் தொகுதியில் 1,67,77,216 முகவரிகள் உள்ளன. டெல்லிக்கு 10.61, மும்பைக்கு 10.62, சென்னைக்கு 10.64 என இரண்டாம் எண்ணால் ஊரைக் குறிக்கலாம். மூன்றாம் எண் பயனைக் குறிக்கட்டும்: பணியாளர் கணிப்பொறிகளுக்கு 10, அச்சுப்பொறிகளுக்கு 20, பார்வையாளர்களுக்கு 90. ஒவ்வொன்றிலும் 254 கருவிகளுக்கு இடமுண்டு. 10.64 எனத் தொடங்குவன யாவும் சென்னைக்கு என்ற ஒரே விதி ரூட்டருக்குப் போதும். 10.1 என்றே தொடங்கலாகாதோ எனில், பிற்காலத்தில் வாங்கிச் சேர்க்கப்படும் வேறொரு நிறுவனமும் அவ்வாறே தொடங்கியிருத்தல் கூடும். அனுபவமுள்ளோர் இடையெண்ணையே தேர்வர்.

ஒதுக்கிய எண்களைப் பதிவேட்டில் எழுதி, அதன் அச்சுப்படியைக் கிளைதோறும் வைத்தல் வேண்டும். டெல்லி சர்வரில் மட்டும் உள்ள பதிவேடு, தடம் அறுந்த நாளில் குவாஹாத்திக்குக் கிட்டாது.