மனசுக்கும் ஒரு பதிவேடு



சேமிப்பில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கண்டுபிடித்து விடுகிறோம். ஆனால் மூன்று கூட்டமாக வராத உறுப்பினரைப் பற்றி என்ன பேசுகிறோம்? “தவணை கட்ட பயந்துகிட்டு வரல”, “திமிரு”. சில நேரம் அது மனச்சோர்வாக இருக்கும். தூக்கம் வராது, பசிக்காது, எதிலும் நாட்டம் இருக்காது. கேட்டால் “தலைவலி, உடம்பு அசதி” என்றுதான் பதில் வரும்.

நாமே செய்து பார்க்கக்கூடிய ஒரு பயிற்சி இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005இல் அதன் பலனை வெளியிட்டார்கள். இரவு படுக்கும் முன் அன்று நல்லபடியாக நடந்த மூன்று விஷயங்களையும், அவை ஏன் நடந்தன என்பதையும் எழுத வேண்டும். ஒரு வாரம் இப்படி எழுதியவர்களுக்குச் சோர்வு குறைந்தது. அந்தப் பலன் ஆறு மாதம் வரை தெரிந்தது.

“ஏன்” என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆலங்காயத்தில் இருந்து ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு சகோதரி இப்படி எழுதலாம்: “பஸ்ஸுல உட்கார இடம் கிடைச்சது. ஏன்? பக்கத்துத் தெரு அக்கா பையை வச்சு இடம் பிடிச்சாங்க.” “இன்னைக்கு ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகல. ஏன்? நான் நிதானமா தச்சேன்.” நம்மை நினைக்க ஒரு ஆள் இருக்கிறது, நம் கையிலும் திறமை இருக்கிறது என்பது அந்த “ஏன்”னில்தான் தெரியவரும். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையிடம் சொல்லி எழுத வைக்கலாம்.

இதனால் கடன் அடையாது, புருஷன் குடியை விடமாட்டார். வீட்டில் அடி உதை என்றால் நோட்டு போதாது, 181க்குப் போன் செய்யுங்கள்.

ரொம்பவும் சோர்ந்தவருக்கு நோட்டை எடுக்கவே கை வராது. அவருக்கு வேறு வழி. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், டாக்டர் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களோடு சில வாரம் உட்கார்ந்து பேசினார்கள். மனசு சரியாகட்டும் என்று காத்திருக்காமல், சின்னச் சின்ன வேலையை முதலில் செய்ய வைத்தார்கள். 2017இல் வெளிவந்த முடிவுப்படி, மூன்று மாதத்தில் 100க்கு 64 பேர் தேறினார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 பேர்தான்.

அந்தப் பயிற்சி நமக்கு இல்லை. ஆனாலும் இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போகலாம், கடை வரைக்கும் கூட நடக்கலாம். அன்றைக்குத் தவணைப் பேச்சு வேண்டாம். “சந்தோஷமா இரு” என்ற உபதேசமும் வேண்டாம்.

இரண்டு வாரம் தாண்டியும் சோர்வு போகவில்லை என்றால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். “செத்துடலாம் போல இருக்கு” என்று சொன்னால் தனியாக விடாதீர்கள். உடனே 14416க்குப் போன் செய்யுங்கள். இது அரசின் இலவச மனநல எண். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அடுத்த கூட்டத்திலேயே இந்த எண்ணைத் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.