அடிமைகளின் சரித்திரம் கண்ட ஆசிரியர் பின்லி

பண்டைக் கிரேக்கத்தின் பெருமையை விரித்துரைக்கும் நூல்கள் பல உள. ஏதென்ஸ் நகரத்துத் தத்துவ ஞானிகளையும், சிற்பிகளையும், நாடகாசிரியர்களையும் அவை வானளாவப் புகழ்கின்றன. ஆனால், அந்நகரத்தின் வெள்ளிச் சுரங்கங்களில் இறங்கி உழைத்தவர் யாவர், செல்வர் மனைகளில் மாவரைத்தவர் யாவர் என்று வினவுவோமாயின், அவற்றுட் பல மௌனம் சாதிக்கின்றன. அவ்வினாவை விடாது எழுப்பிய சரித்திராசிரியர் மோசஸ் பின்லி என்பவரின் கல்வி வாழ்வையும் ஆராய்ச்சி முறையையும் இப்பாடத்தில் நாம் ஆராய்வோம்.

பின்லி 1912ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் அவர் பெயர் மோசஸ் பின்கல்ஸ்டைன் என்பதாம். 1927இல், தம் பதினைந்தாம் வயதிலேயே சிரக்யூஸ் சர்வகலாசாலையில் பட்டம் பெற்றார். 1929இல் கொலம்பியா சர்வகலாசாலையில் பொதுச் சட்டத்தில் எம்.ஏ. பட்டம் எய்தினார். நம் பாபாசாகேப் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்றதும் இதே சர்வகலாசாலையிலேயே என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

சட்டம் கற்றவர் சரித்திரத்துள் புகுந்தமையால், ஒரு சமூகத்தில் எவர்க்கு என்ன உரிமை, எவர் எவர்க்குக் கட்டுப்பட்டவர் என்னும் கேள்விகளே அவர் மனத்தில் முதலில் எழுந்தன. இட்லரின் ஜெர்மனியினின்று வெளியேறி நியூயார்க்கில் தங்கியிருந்த சமூக ஆராய்ச்சி அறிஞர்களோடு அவர் பணியாற்றியதும் இந்நோக்கை வலுப்படுத்தியது. 1948இல் ரட்கர்ஸ் சர்வகலாசாலையில் ஆசிரியரானார். 1950இல் கொலம்பியாவில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவர் முதலில் ஆராய்ந்த பொருள் கற்களாகும். ஏதென்ஸ் நாட்டில் ஒரு நிலம் கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டிருப்பின், அச்செய்தியைப் பொறித்த கல்லொன்றை அந்நிலத்தில் நாட்டுவர். இத்தகைய கல்லெழுத்துக்களை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த பின்லி, இக்கடன்களிற் பெரும்பாலானவை ஏழை உழவர் பட்டவை அல்ல, செல்வர்கள் சீதனம் முதலிய செலவுகளுக்காகப் பட்டவையே என்று காட்டினார். கல் இருக்கிறது என்பதனால் ஏழை நிலமிழந்தான் என்று முடிவு கட்டலாகாது. கல் என்ன சொல்கிறது என்று வாசித்தல் வேண்டும். இதுவே அவர் முறை.

இவ்வாறு உயர்ந்து வந்தவர்க்கு அப்பொழுது ஒரு சோதனை நேர்ந்தது. அமெரிக்க அரசியலாரிடையே கம்யூனிஸ்ட் அச்சம் தலைவிரித்தாடிய காலம் அது. 1951இல் செனட் சபையின் விசாரணைக் குழுவின்முன் சாட்சி கூறியோர் பின்லியின் பெயரைக் குறிப்பிட்டனர். 1952 மார்ச்சில் அவரே அழைக்கப்பட்டார். தாம் அக்கட்சியின் உறுப்பினர் அல்லர் என்று கூறிய அவர், முற்காலத்தைப் பற்றிய கேள்விகளுக்கு விடை தர மறுத்து, அரசியற் சட்டத்தின் ஐந்தாம் திருத்தம் அளித்த உரிமையைக் கையாண்டார். ஆசிரியர்கள் அடங்கிய பரிசீலனைக் குழு அவர்மீது நடவடிக்கை வேண்டாமென்றது. ஆயினும் சர்வகலாசாலையின் தர்மகர்த்தர்கள் அம்முடிவை ஏற்காது, அவ்வாண்டு டிசம்பரில் அவரை வேலையினின்று நீக்கினர். சட்டம் தந்த உரிமையைக் கையாண்டமையே குற்றமாயிற்று!

தாய்நாட்டில் ஆசிரியப் பணி இழந்த பின்லியை இங்கிலாந்து வரவேற்றது. ஹோமரின் காவியங்களைக் கொண்டு பண்டைச் சமூகத்தை விளக்கும் அவருடைய 'ஒடிசியஸின் உலகம்' 1954இல் வெளிவந்தது. 1955இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் விரிவுரையாளரானார். 1962இல் பிரிட்டிஷ் பிரஜையானார். 1970இல் பண்டைச் சரித்திரப் பேராசிரியர் பதவியையும், 1976இல் டார்வின் கல்லூரித் தலைமையையும் ஏற்றார். 1973இல் 'பண்டைப் பொருளாதாரம்' என்னும் நூலை வெளியிட்டார். 1979இல் 'சர்' பட்டம் பெற்றார். 1986இல் காலமானார்.

இனி, அடிமை முறை பற்றிய அவர் ஆராய்ச்சியைக் காண்போம். ஏதென்ஸில் 4,00,000 அடிமைகள் இருந்ததாகப் பழைய நூலொன்று கூறுகிறது. அடிமைகளுக்காக இரங்குவோர் இத்தொகையை மகிழ்ந்து ஏற்பர் அன்றோ? பின்லி ஏற்கவில்லை. அது நம்பத்தகாதது என விலக்கி, மிகுதியாக இருந்த காலத்தில் 60,000 முதல் 80,000 வரை இருந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார். ஆனால் அத்துடன் அவர் நிற்கவில்லை. எத்தனை பேர் என்பதனினும், அவர் உழைப்பு எவ்விடத்தில் நின்றது என்பதே தலையாய கேள்வி என்றார். செல்வரின் செல்வம் அடிமைகளின் உழைப்பினின்று பெருகுமாயின், அச்சமூகம் அடிமைச் சமூகமே. மிகைப்படுத்திய எண் உண்மைக்குத் துணையாகாது. அது பொய்யென்று தெரியும் நாளில் உண்மையும் உடன் ஐயுறப்படும்.

மற்றொரு கசப்பான உண்மையையும் அவர் எடுத்துக் காட்டினார். கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோலோன் ஏற்படுத்திய சட்டத்தால் ஏதென்ஸ் குடிகள் கடனுக்காக அடிமைப்படும் துன்பத்தினின்று விடுபட்டனர். பின்னர் நிலமுடையோர், தம்மவரைக் கட்டாயப்படுத்த இயலாமையால், அயல்நாட்டாரை விலைக்கு வாங்கினர். ஆகவே ஒருசாராரின் சுதந்திரமும் மற்றொருசாராரின் அடிமைத்தனமும் கைகோத்து வளர்ந்தன. உடைமையாகக் கருதப்படுதல், உடையவனின் எல்லையற்ற ஆணைக்கு உட்படுதல், உற்றார் உறவினின்று பிடுங்கப்படுதல் ஆகிய மூன்றையும் அடிமையின் இலக்கணமாக அவர் கூறினார். சுதந்திரன், அடிமை என்னும் இரு நிலைகளுக்கு இடையே பல படிகள் உண்டு என்பதையும் விளக்கினார். 1980இல் வெளிவந்த நூலில், பண்டை அடிமை முறையின் கொடுமையை மென்மையாக்கி எழுதிய அறிஞர்களை வன்மையாகக் கண்டித்தார்.

பின்லியின் கொள்கைகள் அனைத்தும் நிலைபெற்றுவிடவில்லை. பண்டைக்கால வாணிபத்தை அவர் குறைத்து மதித்தார் என்றும், புதைபொருட் சான்றுகளைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்றும் பின்வந்தோர் குறை கூறியுள்ளனர். பிறர் முடிவுகளை அவர் சோதித்தது போலவே அவர் முடிவுகளும் சோதிக்கப்படுதல் முறையே.

தம்மை நீக்கிய அதே ரட்கர்ஸ் சர்வகலாசாலையில், இருபது ஆண்டுகள் கழித்து, 1972இல் பின்லி சொற்பொழிவாற்றினார். பொருள், பண்டை ஜனநாயகமும் இக்கால ஜனநாயகமும் என்பதாம்.

அடிமைகள் தம் கதையை எழுதி வைத்தாரல்லர். பெரும்பாலும் ஆண்டைகளின் ஏடுகளிலிருந்தே நாம் அவர்களை அறிகிறோம். ஆகவே தாழ்த்தப்பட்டோரின் சரித்திரத்தை எழுதப் புகும் நம் இளைஞர்கள் மூன்று கேள்விகளை மறவாதிருப்பாராக: இதைச் சொன்னவன் யார்? எதற்காகச் சொன்னான்? சொல்லாது விட்டது யாது? நமக்கு உவப்பான செய்தியையும் இக்கேள்விகளுக்கு உட்படுத்துவோமாயின், நாம் எழுதும் சரித்திரத்தை எவரும் எளிதில் அசைத்தல் இயலாது.