தொட்டிலும் கப்பலும்

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பலில் நான்கு நாள் சென்றுவர உத்தேசம். ஐந்து மாதக் கைக்குழந்தையையும் அழைத்துச் செல்லலாமா?

பதில்: சற்றே பொறுங்கள். பெரும்பாலான கப்பல் கம்பெனிகள் ஆறு மாதம் பூர்த்தியாகாத சிசுவை ஏற்றிக்கொள்வதில்லை; மகாசமுத்திரத்தைக் கடக்கும் நெடும் பிரயாணங்களுக்கோ ஒரு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பார்கள். நடுக்கடலில் குழந்தைக்கு ஜன்னி கண்டால், கப்பல் வைத்தியரைத் தவிர வேறு கதியில்லை என்பதே இந்த நிபந்தனைக்குக் காரணமாகையால், அதைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

மடியில் கிடக்கும் மழலைக்கும் தனிப் பாஸ்போர்ட்டும், தேவைப்படும் இடங்களுக்கு விசாவும் அவசியம். வடகிழக்குப் பருவக்காற்றினால் தென்சீனக் கடல் கொந்தளிக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களைத் தவிர்த்து, ஆட்டம் குறைவாகத் தெரியும் கீழ்த்தளத்து நடுப்பகுதியில் அறை கேளுங்கள். தொட்டிலுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பால்மாவும் டயப்பரும் கப்பலில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாமல், இரண்டு நாளைக்கு உபரியாகவே எடுத்துச் செல்லுங்கள். டயப்பர் கட்டிய குழந்தையைச் சுகாதார விதிப்படி நீச்சல் குளத்தில் இறக்க அநேகமாக விடமாட்டார்கள். கடல் மயக்கமோ, இந்த வயதுக் குழந்தைகளை அபூர்வமாகத்தான் தொடும். பெரியவர்கள்தாம் எலுமிச்சம்பழத்தோடு படுத்திருப்பார்கள்!