மலைப்பாதை ஜீப்: நாமே பார்க்க வேண்டியதும் தொடக் கூடாததும்

மலையடிவாரத்து ஊர்களில் வியாபாரம் செய்யும் நம் வணிகர்களில் பலரிடம் ஒரு ஜீப்பாவது இருக்கும். போடியிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு அரிசி மூட்டையும் உர மூட்டையும் ஏறுவதும், அங்கிருந்து ஏலமும் மிளகும் இறங்குவதும் பெரும்பாலும் இந்த மாதிரி வண்டிகளில்தான். தோட்டத்துக்குள் போகும் மண் பாதையில் லாரி ஏறாது. ஆகவே ஜீப் ஒரு நாள் நின்றால் வியாபாரமும் ஒரு நாள் நிற்கிறது.

பழைய ஜீப்புகளின் அமைப்பு எளிமையானது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் பாதி வேலையைத் தாமே செய்துவிடலாம். இந்த வசதியே சில சமயம் நமக்கு வினையாகிறது. பழுது நீக்குவது வேறு, வண்டியை மாற்றிக் கட்டுவது வேறு என்பதை நம்மில் பலர் பிரித்துப் பார்ப்பதில்லை. வண்டியை அது செய்யப்பட்ட நிலைக்குத் திரும்பக் கொண்டு வருவது பழுது நீக்கம். இதை நாம் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். வண்டியின் உயரத்தையும் பாரத்தையும் பிரேக்கின் வலுவையும் மாற்றும் வேலை அப்படிப்பட்டதல்ல. அதில் கை வைத்தால் ஓட்டுநரின் உயிரும் நம் முதலும் சேர்ந்தே ஆபத்துக்கு உள்ளாகின்றன.

நாமே செய்யக் கூடியவை

1. மலைப்பாதையின் குலுக்கலில் முதலில் தளர்வது நட்டும் போல்ட்டும்தான். ஸ்பிரிங் பட்டையை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளை மாதம் ஒரு முறை முறுக்கிப் பார்க்க வேண்டும். சக்கரம் கழற்றி மாட்டினால் நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்க வேண்டும். பிறகு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை முறுக்க வேண்டும்.

2. புரொப்பல்லர் ஷாஃப்டின் இணைப்புகளிலும் ஸ்பிரிங் முனைகளிலும் கிரீஸ் நிப்பிள் இருந்தால், பழைய கிரீஸ் வெளியே வரும்வரை கிரீஸ் கன்னால் புதிய கிரீஸ் ஏற்ற வேண்டும். புதிய கிரீஸ் உள்ளேயிருக்கும் தண்ணீரையும் மண்ணையும் தள்ளிக்கொண்டு வரும்.

3. ஓடையில் இறங்கி ஏறிய வண்டியின் டிஃபரன்ஷியல் ஆயிலைத் திறந்து பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். உடனே மாற்றாவிட்டால் பற்சக்கரமும் பேரிங்கும் தேயும்.

4. பிரேக் ஆயிலின் அளவை வாரம் ஒரு முறை பாருங்கள். எப்போது மாற்றியது என்ற தேதியையும் குறித்து வையுங்கள். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 140 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் சூடேறி ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிறைந்து, மிதி தரையைத் தொட்டும் வண்டி நிற்காது. ஆகவே 2 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். மிதித்தால் பஞ்சு போல அமுங்கினால் அன்று வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

5. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டின் மேல் இறக்கிய பிறகே உள்ளே போக வேண்டும். கடைப் பையன்களுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

மாற்றும் முன் கணக்குப் போடுங்கள்

சேற்றில் ஏறுவதற்குப் பெரிய டயர் நல்லது என்பார்கள். 28 அங்குல விட்டமுள்ள டயரை எடுத்துவிட்டு 31 அங்குல டயர் போட்டால் சுற்றளவு ஏறக்குறைய 11 சதவீதம் கூடுகிறது. மீட்டர் 40 காட்டும்போது வண்டி உண்மையில் 44-க்கு மேல் ஓடும். இஞ்சினின் இழுவையும் பிரேக்கின் பிடியும் ஏறக்குறைய 10 சதவீதம் குறையும். ஏற்றத்தில் இழுவை குறைந்தால் கியரை இறக்கிக்கொள்ளலாம். இறக்கத்தில் பிரேக் குறைந்தால் என்ன செய்வது?

பாரம் தாங்க ஒரு பட்டை கூடுதலாகப் போடுவதும் அப்படித்தான். ஸ்பிரிங் தாங்கும். பிரேக்கும் அச்சும் சேஸிஸும் பழைய பாரத்துக்குச் செய்தவைதானே? வண்டியை உயர்த்திக் கட்டினால் பாரத்தின் மையமும் உயர்ந்து, வளைவில் கவிழும் அபாயம் கூடுகிறது. வால்பாறைப் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. இப்படிப்பட்ட பாதைகளில் ஒவ்வொரு வளைவும் ஒரு சோதனைதான்.

பனிமூட்டத்துக்குக் கூடுதல் விளக்கு வேண்டும் என்றால் முதலில் விதி அனுமதிக்கிறதா என்று பாருங்கள். 55 வாட் விளக்கு இரண்டுக்கு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் மின்சாரம் ஓடும். பழைய சுவிட்சும் மெல்லிய கம்பியும் அதைத் தாங்காது. தனி ரிலேயும் தனி ஃபியூஸும் தடித்த கம்பியும் வேண்டும். ஃபியூஸ் போனால் அந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றுவது வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

ஃபோர் வீல் போடுவது எப்போது?

பழைய ஜீப்பில் ஃபோர் வீல் லீவரைப் போட்டதும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் போகும் ஷாஃப்டுகள் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்கின்றன. ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். சேற்றில் சக்கரம் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க முடியாது. முறுக்கம் முழுவதும் பற்சக்கரங்களில் ஏறி, ஸ்டியரிங் கனக்கும், லீவர் இறுகிக்கொள்ளும். அப்போது லீவரை அடிக்காமல், வண்டியைச் சில அடி பின்னால் எடுத்தால் முறுக்கம் தளர்ந்து லீவர் விடுபடும். மண் பாதை முடிந்து தார் வந்ததும் ஃபோர் வீலை எடுத்துவிடும் பழக்கம் ஒன்றே பல ஆயிரம் ரூபாய் செலவைத் தடுக்கும். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய ஓட்டுநர்களின் சொல்லையும் மறக்கக் கூடாது.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. முன்னால் இரும்புக் கம்பித் தடுப்புப் பொருத்துவது இந்தப் பிரிவுக்கு மாறானது என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. மோதும்போது அந்தத் தடுப்பு அதிர்ச்சியை நேரே சேஸிஸுக்குக் கடத்தும். காற்றுப் பை உள்ள வண்டியில் அது சரியான நேரத்தில் விரியாமலும் போகலாம்.

2019-இல் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு ரூ. 5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். விபத்து நேர்ந்தபின், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் தொகையில் தகராறு வந்தால், ஒரு சிறிய கடை அதிலிருந்து எழுந்திருப்பது கடினம்.

கடையில் வரவு செலவுக்குப் பேரேடு வைக்கிறோம். வண்டிக்கும் ஒரு நோட்டுப் போடுவோம். ஆயில் மாற்றிய தேதி, கிரீஸ் ஏற்றிய தேதி, போல்ட் முறுக்கிய தேதி, வாங்கிய பாகத்தின் பில் எல்லாம் அதில் இருக்கட்டும். ஓட்டுநர் சொல்லும் குறையையும் அன்றன்றே எழுதுவோம். பிரேக் சரியில்லை என்று அவர் சொல்லும் நாளில், சரக்கு அவசரம் என்று நாம் அவரை அனுப்பக் கூடாது. சரக்கை மறுநாளும் ஏற்றலாம். அவரை நம்பி வீட்டில் நாலு பேர் காத்திருக்கிறார்கள்.