வீட்டில் ஆன்சரிங் மெஷின் வைத்திருக்கிறீர்களா?

வெளியே போய் வருவதற்குள் முக்கியமான அழைப்பு தவறிவிடுகிறதா? லேண்ட்லைனுடன் டிஜிட்டல் ஆன்சரிங் மெஷினை இணைத்த கையோடு இவற்றைச் செய்துவிடுங்கள்.

1. கிழமையையும் நேரத்தையும் சரியாக வையுங்கள். செய்தி எப்போது வந்தது என்று மெஷின் சொல்வது அதைப் பார்த்துத்தான்.

2. வரவேற்புச் செய்தியை உங்கள் குரலில் பதியுங்கள். தெரிந்த குரலைக் கேட்டால் தயங்காமல் பேசுவார்கள். டிவியையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, 15 விநாடிக்குள் முடியுங்கள். "ஊருக்குப் போயிருக்கிறோம்" என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள், வீடு பூட்டிக் கிடப்பதை நாமே அறிவித்தது போலாகும். "இப்போது பேச முடியவில்லை, பெயரையும் எண்ணையும் நிதானமாகச் சொல்லுங்கள்" என்பதே போதும்.

3. 4 முறை மணி அடித்தபின் மெஷின் எடுக்கும்படி வையுங்கள். மெதுவாக நடக்கும் பெரியவர்கள் இருந்தால் 6 ஆக்குங்கள். அவர்கள் ஓடி வந்து தடுக்கி விழக்கூடாது.

4. தொலைபேசி நிறுவனத்தின் வாய்ஸ்மெயிலை நிறுத்திவிடுங்கள். இரண்டும் இருந்தால் செய்திகள் ஆளுக்கொரு பக்கம் சிதறும்.

5. வெளியிலிருந்து செய்தி கேட்பதற்கான ரகசிய எண்ணை உடனே மாற்றுங்கள். மெஷினோடு வரும் எண் கையேட்டிலேயே அச்சாகியிருக்கும், யாரும் பயன்படுத்தலாம்.

6. கேட்ட செய்திகளை அழித்துவிடுங்கள். பல மாடல்களில் சுமார் 15 நிமிடத்துக்குத்தான் இடம். நிறைந்தால் புதியது பதியாது.

7. கைபேசியிலிருந்து வீட்டுக்கு ஒருமுறை அழைத்து, செய்தி விட்டுக் கேட்டுப் பாருங்கள். இரைச்சல் இருந்தால் அப்போதே தெரியும். அதே லைனில் பிராட்பேண்ட் வந்தால், இரைச்சலைத் தவிர்க்க ஃபில்டர் மாட்டுங்கள்.