நெஞ்செரிச்சலுக்கு எந்த மாத்திரை, எப்போது?

காய்ச்சலுக்கு எழுதிய மருந்துச் சீட்டிலும் கடைசி வரியில் ஒரு கேஸ் மாத்திரை இருக்கும். பெரும்பாலும் பான்டோபிரசோல். அப்படிப் பழகியதால், நெஞ்சு எரிந்தாலே அதை வாங்கி விழுங்குவது வழக்கமாகிவிட்டது. எது வலுவானது என்று பார்ப்பதைவிட, எரிச்சல் வாரத்தில் எத்தனை நாள், எந்த நேரத்தில் வருகிறது என்று பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுப்பதே சரி.

கல்யாண விருந்துக்குப் பிறகு எப்போதாவது புளித்த ஏப்பம் வருபவருக்கு ஜெலுசில், டைஜீன் மாதிரியான அமிலமுறி போதும். சுரந்துவிட்ட அமிலத்தைச் சில நிமிடங்களில் முறித்துவிடும். பலனும் சீக்கிரமே தீர்ந்துவிடும். (ஈனோ போன்ற பொடிகளில் சோடியம் அதிகம், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.) இரவில் தொல்லை என்றால் ஃபமோடிடின் பொருந்தும். வேலை தொடங்க ஒரு மணி நேரம்வரை ஆனாலும், பத்து மணி நேரமாவது தாங்கும். தினமும் போட்டால் ஓரிரு வாரத்தில் உடல் பழகிப் பலன் குறையும். இதே வகையைச் சேர்ந்த ரானிடிடின் 2022இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. வீட்டில் பழைய அட்டை இருந்தால் தேடி எடுக்க வேண்டாம்.

நேரே பான்டோபிரசோலையே போட்டால் என்ன என்று கேட்கலாம். வலுவானதுதான். ஆனால் வயிற்றில் அமிலத்தைச் சுரக்கும் பம்புகள் சாப்பாட்டை ஒட்டித்தான் முழுவீச்சில் இயங்கும். இயங்கும் பம்பைத்தான் இந்த மருந்தால் அடைக்க முடியும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட வேண்டும். முழுப் பலன் கிடைக்கச் சில நாள் ஆகும். பிரியாணி சாப்பிட்டு எரியத் தொடங்கியபின் போட்டால் அன்றைய எரிச்சலுக்கு அதனால் பெரிய உபகாரம் இல்லை. வாரத்தில் இரண்டு நாளோ அதற்கு மேலோ எரிச்சல் வருபவர், மருத்துவரைக் கேட்டு நான்கு முதல் எட்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட வேண்டிய மருந்து இது.

“நிறுத்தினால் மறுபடி எரிகிறதே, அப்படியானால் ஆயுளுக்கும் வேண்டும்தானே?” என்பார்கள். 2009இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், எந்தத் தொல்லையும் இல்லாத 120 பேரில் ஒரு பாதிக்கு பான்டோபிரசோல் வகையைச் சேர்ந்த எஸோமெப்ரசோலை எட்டு வாரம் கொடுத்து நிறுத்தினார்கள். அவர்களில் 44 சதவீதம் பேருக்கு எரிச்சல் முதலான அமிலத் தொல்லைகள் தலைகாட்டின. போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம்தான். மருந்தை விட்டதும் அமிலம் சில வாரங்களுக்கு மிஞ்சிச் சுரக்கிறது, அவ்வளவுதான். மருத்துவர் துணையோடு படிப்படியாகக் குறைத்தால் பலரால் விட முடியும். உணவுக்குழாய் மோசமாகப் புண்ணானவர்களும், ஆஸ்பிரின் சாப்பிடுவதால் இரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களும் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தக் கூடாது.

எந்த மாத்திரையானாலும், ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா தின்று உடனே படுத்தால் அது பாதி வேலைதான் செய்யும். படுக்க மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். தலையணையை அடுக்குவதைவிடக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து அரை அடி உயர்த்துங்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். தொப்பை குறைந்தாலே பலருக்கு எரிச்சல் குறையும்.

விழுங்கச் சிரமம், காரணமின்றி எடை குறைதல், கறுப்பாக மலம் போவது இருந்தால் மருந்துக்கடையில் நிற்காமல் மருத்துவரிடம் போங்கள். வியர்வையோடு நெஞ்சை அழுத்தும் வலி வந்தால், கேஸ்தான் என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.