மனச்சுமைக்கு மருந்தாக மது: கல்லூரி மாணவர்களின் குடும்பத்தினருக்கு

கல்லூரியில் பயிலும் மகனை மருத்துவமனைக்கு அழைத்துவரும் பெற்றோர் பலரும் முதலில் வேறு காரணத்தையே கூறுகின்றனர். வயிற்றெரிச்சல், காலையில் குமட்டல், உறக்கமின்மை, பசியின்மை எனத் தொடங்கும் உரையாடலில் மது பற்றிய செய்தி மெதுவாகவே வெளிவரும். அப்போது பெற்றோர் கூறுவது, “சேர்க்கை சரியில்லை” என்பது. மாணவர் கூறுவது, “மனசு சரியில்லை, அதனால்தான்” என்பது. இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் மருத்துவத்துக்குக் கூடுதலாக உதவுவது மாணவரின் விடையே. ஆகவே அதனையே இங்கு விரித்துக் கூற முற்படுகிறோம்.

ஏன் குடிக்கிறார் என்னும் கேள்வி

மன அழுத்தம் மிகுந்த மாணவர் அனைவரும் குடிப்பதில்லை. குடிக்கும் மாணவர் அனைவரும் அழுத்தத்தில் இருப்பவரும் அல்லர். அழுத்தம் கூடினால் மதுவின் அளவும் கூடும் என்று எளிதாகக் கணக்கிட இயலாது என்பதையே மாணவர்களிடையே நிகழ்ந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்க உளவியலாளர் லின் கூப்பர் 1994இல் குடிப்பதற்கான நோக்கங்களை நான்காக வகுத்தார். கூட்டத்தில் மகிழ்வதற்காக, கிளர்ச்சிக்காக, பிறர் ஒதுக்கிவிடாதிருப்பதற்காக, துயரைத் தணிப்பதற்காக என்பன அவை. இவற்றுள் நான்காவது நோக்கமே மருத்துவருக்குக் கவலை தருவது. ஒரே அளவு குடிக்கும் இருவருள், துயரைத் தணிக்கக் குடிப்பவரே பின்னாளில் கூடுதல் சிக்கல்களுக்கு ஆளாகிறார் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் புலப்பட்டுள்ளது. நண்பரின் திருமணத்தில் குடித்துவிட்டு வந்தவரைக் கண்டு பதறும் வீட்டார், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியே குடிப்பவரைக் “கொஞ்சமாகத்தானே குடிக்கிறான்” என்று விட்டுவிடுகின்றனர். எங்கள் கருத்தில் உடனே கவனிக்க வேண்டியவர் இரண்டாமவரே.

நம் மாவட்டத்து மாணவரின் சுமை

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் பரவியபோது, பெண்கள் பெருந்திரளாக எழுத்தும் சைக்கிளும் கற்றதை மூத்த வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாறு எழுத்தறிந்த குடும்பங்களிலிருந்து இன்று முதல் தலைமுறையாகப் பலர் கல்லூரிக்குச் செல்கின்றனர். இது பெருமைக்குரியது, அதே வேளையில் ஒரு பாரமும் ஆகும். வீட்டில் கல்லூரி வாழ்வை அறிந்தவர் எவரும் இல்லை. அரியர் விழுந்தால் அதன் பொருள் என்ன, அதனைப் பின்னர் எழுதித் தேற இயலுமா என்பதை வீட்டில் கேட்டறிய வழியில்லை.

ஒரு மாணவரை எண்ணிப் பார்ப்போம். வீடு கறம்பக்குடிப் பக்கம். 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் தென்னந்தோப்பு வீழ்ந்தது. புதிய கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். தந்தை வெளிநாட்டில் கூலி வேலையில் இருக்கிறார். கல்விக்கடன் பெற்றுத் திருச்சியில் பொறியியல் பயிலும் மகனுக்கு ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் விளங்கவில்லை. மூன்று தாள்களில் அரியர். வாரந்தோறும் தொலைபேசியில் தந்தை கேட்பது “நல்லா படிக்கிறியா தம்பி?” என்ற ஒரே கேள்வி, மகன் சொல்வதும் “ம், படிக்கிறேன்ப்பா” என்ற ஒரே விடை. இந்த விடைக்கும் உண்மைக்கும் இடையே உள்ள தொலைவே அவனை உறங்கவிடாமல் செய்கிறது. விடுதித் தோழன் ஒருவன் ஒரு நாள் மதுவை நீட்டுகிறான். அன்றிரவு உறக்கம் வருகிறது. மதுவை மருந்தென்று மனம் ஏற்றுக்கொள்வதற்கு அந்த ஓர் இரவே போதும்.

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கலாகாது என்பது விதி. இளநிலை மாணவருள் பலர் அவ்வயதை எட்டாதவர். விதி இருந்தும் மது அவர்களிடம் சேர்கிறது என்பதை நாம் அறிவோம்.

உடலில் நிகழ்வது

மது மூளையின் வேகத்தைத் தணிக்கும் ‘காபா’ என்னும் வேதிப்பொருளின் செயலைக் கூட்டுகிறது. தூண்டும் வேதிப்பொருளான ‘குளூட்டமேட்’டின் செயலைக் குறைக்கிறது. பதற்றம் தணிந்தாற்போல் தோன்றுவது இதனால்தான். நாள்தோறும் இது நிகழும்போது மூளை எதிர்த்திசையில் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. மது இறங்கிய பின் அந்தச் சரிக்கட்டல் மட்டும் எஞ்சிவிடும். படபடப்பு, வியர்வை, எரிச்சல், காரணமற்ற அச்சம் ஆகியவை முன்னிலும் மிகுதியாக வரும். மாணவர் அதனைத் தேர்வு அச்சம் என்று எண்ணி மீண்டும் குடிக்கிறார். கடன் வாங்கி வட்டி கட்டும் கதைதான்.

உறக்கமும் அவ்வாறே. மது விரைவில் உறங்கவைக்கும். ஆனால் கனவு நிகழும் உறக்கநிலையைக் குறைத்து, பின்னிரவில் விழிக்கவைக்கும். படித்தது நினைவில் நிலைபெறுவதற்கு நல்ல உறக்கம் தேவை. தேர்வுக்கு முந்தைய இரவு குடிப்பவர் பதற்றத்தோடு படித்ததையும் சேர்த்தே இழக்கிறார்.

அளவைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். நம் நாட்டில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் ஆகியவற்றில் பொதுவாக 42.8 விழுக்காடு ஆல்கஹால் உள்ளது. 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டரில் ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கும். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் சுமார் 7 முதல் 10 கிராம் வரையே அகற்றும். இரவு பதினொரு மணிக்குக் குடித்தவர் காலையில் இருசக்கர வாகனத்தில் தேர்வுக்குப் புறப்படும்போதும் அவர் உடலில் மது எஞ்சியிருக்கக்கூடும். “பீர்தானே” என்பாரும் உளர். 8 விழுக்காடு கொண்ட 650 மில்லி பீர் பாட்டிலில் 40 கிராம் அளவுக்கு ஆல்கஹால் உண்டு. உடல்நலத்துக்குத் தீங்கற்ற அளவு என்று எதுவும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. மனித மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருப்பதால் இளையோருக்குத் தீங்கு மிகுதி.

வீட்டில் செய்யக்கூடாதவை

உணவிலோ காபியிலோ “குடியை நிறுத்தும் மருந்தை” மகனறியாமல் கலந்து கொடுப்பது கூடாது. அத்தகைய மருந்துகளுள் ஒன்றான டைசல்ஃபிராம் உடலில் இருக்கும்போது மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் திடீரெனத் தாழ்ந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். நோயாளி அறிந்து, ஒப்பி, மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே அதனை உட்கொள்ள வேண்டும்.

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்தச் செய்வதும் ஆபத்தானது. நிறுத்திய சில மணி நேரத்தில் கைநடுக்கம் தொடங்கலாம். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்குப் பின் குழப்பமும் இல்லாதவற்றைக் காண்பதும் நேரலாம். இவற்றுள் எது தோன்றினாலும் விடியும்வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருக.

மனமுடைந்த பேச்சு காதில் விழுந்தால் அதை மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். மது, மனத்தின் தடுப்பைத் தளர்த்திவிடும். வேளாண் வீடுகளில் பூச்சிமருந்துகளைப் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் வைத்திருங்கள். மகனைத் தனியே விடாமல் அழைத்து வாருங்கள்.

பேசத் தக்க நேரம்

போதையில் இருக்கும்போது கூறும் அறிவுரை பயன் தராது. மறுநாள் உண்டு முடித்த அமைதியான வேளையில், “ஏன் குடித்தாய்?” என்பதற்கு மாறாக, “ராத்திரி தூக்கம் வருதா தம்பி?” என்று தொடங்கிப் பாருங்கள். முதற்கேள்விக்குப் பொய்யோ மௌனமோதான் கிடைக்கும். இரண்டாவதற்குச் சில வேளைகளில் அரியர் பற்றிய உண்மையே வெளிவரும். மகள்களையும் இங்குக் குறிப்பிட வேண்டும். மது அருந்தும் பெண்கள் தொகையில் குறைவே; ஆயினும் நாணத்தால் அவர்கள் உதவி நாடத் தயங்குவர்.

மருத்துவமனையில் நடப்பது

முதலில் உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ என்னும் பத்து வினாக்களைக் கேட்போம். மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடிப்பழக்கம் தீங்கு தரும் நிலையில் உள்ளதென்று கருதுவோம். கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். பதற்றமும் சோர்வும் மதுவால் வந்தவையா, முன்பே இருந்தவையா என்பதை உடனே கூற இயலாது. குடியை நிறுத்தி இரண்டு முதல் நான்கு வாரங்கள் கழித்து மீண்டும் பார்த்தால் பெரும்பாலும் தெளிவாகும். முன்பே இருந்தவை எனில் அவற்றுக்குத் தனியே சிகிச்சை உண்டு. அதனை விட்டு மதுவை மட்டும் நிறுத்தச் சொல்வது பாதி வேலையே.

நேரில் வருவதற்கு முன் பேசிப் பார்க்க விரும்புவோர் தமிழ்நாடு அரசின் ‘நட்புடன் உங்களோடு’ மனநல சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். மாணவரே அழைப்பது நன்று, பெற்றோரும் அழைக்கலாம்.

“கல்லூரிக்குத் தெரிந்துவிடுமோ?” என்ற அச்சத்தாலேயே பலர் வருகையைத் தள்ளிப்போடுகின்றனர். மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 சிகிச்சை விவரங்களின் இரகசியத்தை நோயாளியின் உரிமையாக வைத்துள்ளது. விடுப்புக்கான மருத்துவச் சான்றிதழில் நோயின் பெயர் இடம்பெற வேண்டாமெனில் முதல் நாளே மருத்துவரிடம் கூறலாம். 18 வயது நிரம்பிய மாணவரைச் சிறிது நேரம் தனியே சந்திப்போம். பெற்றோரிடம் எவற்றைக் கூறலாம் என்பதையும் முதலில் அவரிடமே கேட்போம். அந்நேரத்தில் பெற்றோர் வெளியே காத்திருக்க வேண்டியிருக்கும்.